பிள்ளையாருக்கு அடியில் இருந்த நிறம்

கார் கைக்கு வந்த அன்று டேஷ்போர்டு பளபளவென்று மின்னியது. அதைப் பார்த்துத்தான் என் மனைவி "உள்ளே நல்லா வச்சிருந்திருக்காங்க" என்றாள். நானும் தலையாட்டினேன். இன்றைக்கு யாராவது பழைய கார் பார்க்க என்னைத் துணைக்கு அழைத்தால், மின்னும் டேஷ்போர்டைக் கண்டதும் ஒரு டிஷ்யூவை எடுத்து அழுத்தித் துடைத்துப் பார்க்கச் சொல்வேன்.

2013-இல் சிங்கப்பூரில் பதிவான ஜப்பானிய செடான். 2024 தொடக்கத்தில் வாங்கினேன். பத்து வருடம் முடிந்தபோது முந்தைய உரிமையாளர், காரைச் சாலையில் ஓட்ட அனுமதிக்கும் வாகன உரிமைச் சான்றிதழை, அதாவது நம் வாயில் புழங்கும் சிஓஇ-யை, ஐந்து வருடத்துக்கு மட்டும் புதுப்பித்திருந்தார். ஐந்து வருடப் புதுப்பிப்பை இன்னொரு முறை நீட்டிக்க விடமாட்டார்கள். என்ஜின் குதிரை மாதிரி ஓடினாலும் 2028-இல் இந்தக் கார் சாலையை விட்டுப் போயாக வேண்டும். சாலை வரியிலும் பத்து வயதைக் கடந்த காருக்கு முதல் வருடம் 10 விழுக்காடு கூடுதல், பிறகு வருடா வருடம் ஏறி 50 விழுக்காட்டில் போய் நிற்கும். இப்படிப்பட்ட காரில் போடும் காசு திரும்பி வராது. அதனால் காக்கி புக்கிட் தொழிற்பேட்டையில் ஒரு கடையில் டேஷ்போர்டுக்குப் புதுத் தோல் போர்த்த 900 வெள்ளி கேட்டபோது, நன்றி சொல்லிவிட்டுத் திரும்பினேன். நாமே செய்து பார்ப்போம் என்று இறங்கியதில் ஆறு ஞாயிற்றுக்கிழமைகள் போயின. அதில் இரண்டு, நானே கெடுத்ததைச் சரிசெய்யப் போனவை.

முதலில் அந்தப் பளபளப்பு. வீடு ஜூரோங் வெஸ்ட்டில், வேலை சாங்கியில். காலையில் தீவு விரைவுச்சாலையில் கிழக்கே போகிறேன், மாலையில் மேற்கே திரும்புகிறேன். இரண்டு வேளையும் சூரியன் முகத்துக்கு நேரே. மூன்றாம் நாள் மாலை, புக்கிட் தீமா பக்கம் வரும்போது முன்கண்ணாடியில் டேஷ்போர்டு முழுதாக மிதந்தது. ஏசி துவாரங்கள், அவற்றுக்கு நடுவில் முந்தைய உரிமையாளர் ஒட்டிவைத்திருந்த பிள்ளையார். முன்னால் போன லாரியின் பிரேக் விளக்கு பிள்ளையாரின் வயிற்றுக்குள் எரிந்தது. பக்திப் பரவசமான காட்சிதான், ஆனால் 80 கிலோமீட்டர் வேகத்தில் வேண்டாம்.

மறுநாள் டிஷ்யூவால் துடைத்தேன். சாம்பல் நிறத்தில் எண்ணெய்ப் பசை வந்தது. விற்பதற்கு முன் அடித்துவிடும் சிலிகோன் எண்ணெய்த் தெளிப்பான் அது. மங்கிய பிளாஸ்டிக்கை ஐந்து நிமிடத்தில் கருகருவென்று காட்டும். அடியில் இருக்கும் அழுக்கையும் சேர்த்தே மூடும். பிறகு பறக்கும் தூசியெல்லாம் வந்து அதில் உட்காரும், அதன்மேல் அடுத்த தெளிப்பு. என் காரில் எத்தனை அடுக்கு இருந்ததோ, முதல் துணி அடுப்புத்துணி மாதிரி ஆனது.

முதல் ஞாயிறு காலை ஏழரை மணி, எங்கள் புளோக்குக்கு எதிரே உள்ள பலமாடிக் கார்ப்பேட்டையின் நான்காம் தளம். வெயில் உள்ளே வராத தளமாகப் பார்த்து நிறுத்தினேன். இது முக்கியம். சுட்டுக்கொண்டிருக்கும் டேஷ்போர்டில் எந்தத் திரவத்தை விட்டாலும் துடைப்பதற்குள் காய்ந்து திட்டுத்திட்டாக நிற்கும். ஒரு வாளியில் கால்வாசித் தண்ணீர், அதில் பாத்திரம் கழுவும் திரவம் நாலு சொட்டு, ஒரு பஞ்சு. அந்தப் பஞ்சின் பச்சைப் பக்கத்தைத் திருப்பித் தேய்த்ததுதான் நான் செய்த முதல் தவறு. டேஷ்போர்டின் மேல்தோலில் நுண்ணிய மேடுபள்ளங்கள் உண்டு. வெளிச்சத்தைச் சிதறடித்து மங்கலாகக் காட்டுவது அவைதான். பச்சைப் பக்கம் பட்ட உள்ளங்கை அகல இடம் மட்டும் மொழுமொழுவென்று ஆகி, இன்றும் பக்கவாட்டில் குனிந்து பார்த்தால் தெரிகிறது. வெள்ளையாக விற்கும் மெலமைன் பஞ்சும் அப்படித்தான். மென்மையாகத் தோன்றினாலும் அது ஒரு வகை உப்புத்தாள்.

மேல்பகுதி எப்படியோ சுத்தமானது. நடுப்பகுதிக்கு வந்தபோதுதான் பிரச்சினை. ரேடியோவைச் சுற்றி, கியர் பக்கத்துப் பெட்டியின் மூடி, கதவுக் கைப்பிடி ஆகிய இடங்களில் ரப்பர் மாதிரி மெத்தென்ற மேற்பரப்பு. துடைக்கத் துடைக்க அது பிசுபிசுத்தது. துணியின் நூல் ஒட்டிக்கொண்டது. நூலை எடுக்கப் போன விரலும் ஒட்டிக்கொண்டது. பலாப்பழம் உரித்த கை மாதிரி. ஊரில் இருக்கும் அத்தையிடம் மனைவி தொலைபேசியில் இதைச் சொல்ல, "பலாப்பிசினுக்குத் தேங்காயெண்ணெய்தானே, மாப்பிள்ளையைத் தடவிப் பார்க்கச் சொல்லு" என்று பதில் வந்தது. தடவினேன். பிசுபிசுப்போடு தேங்காய் வாசமும் சேர்ந்தது. (அத்தையின் யோசனை பிறகு வேறொரு இடத்தில் பலித்தது.)

அழுக்குதான் ஊறியிருக்கிறது என்று எண்ணி, அடுத்த ஞாயிறும் சோப்புநீரை மாற்றி மாற்றித் தேய்த்துக்கொண்டிருந்தேன். கடைசியில் அந்த வாரம் காக்கி புக்கிட்டில் இருக்கை தைக்கும் ஒரு மலாய்க்காரரிடம் காரைக் காட்டினேன். அவர் நகத்தால் ஓரத்தில் ஒரு கீறு கீறினார். கறுப்பாகச் சுருண்டு வந்தது. அதை என் கண்முன் நீட்டி, "புக்கான் கோத்தோர், சாட்" என்றார். அழுக்கு இல்லை, பெயிண்ட்.

அந்த மூன்று வார்த்தை எனக்கு இரண்டு ஞாயிற்றுக்கிழமைக்கு முன்பே கிடைத்திருக்க வேண்டும். மெத்தென்று இருப்பதற்காகக் கெட்டிப் பிளாஸ்டிக்கின்மேல் பூசப்படும் பாலியூரித்தேன் பூச்சு அது. காற்றிலுள்ள ஈரம் வருடக்கணக்கில் அதற்குள் புகுந்து, அதன் நீண்ட மூலக்கூறுச் சங்கிலிகளைக் கொஞ்சம் கொஞ்சமாக அறுக்கிறது. சங்கிலி அறுந்த பூச்சு பசையாகிவிடும். சூடு கூடினால் இந்த வேலை இன்னும் வேகமாக நடக்கும். சிங்கப்பூரின் சராசரி ஈரப்பதம் சுமார் 82 விழுக்காடு. பகலெல்லாம் வேகும் கார், இரவெல்லாம் ஈரம். இந்த ஊரில் அந்தப் பூச்சு பத்து வருடம் தாக்குப்பிடித்ததே பெரிது. பழைய கேமரா, குடைப்பிடி, கணினி மௌஸ் எல்லாம் அலமாரிக்குள் வைத்தபடியே ஒட்டுவதும் இதே காரணத்தால்தான். இந்த நிலைக்கு வந்த பூச்சைச் சுத்தம் செய்து மீட்க முடியாது. நீரில் கழுவுவது ஈரத்தால் செத்ததற்கு இன்னும் ஈரம் கொடுப்பது. ஒரே வழி, முழுவதையும் எடுத்துவிடுவது.

எடுக்கும் முறை எளிது, பொறுமைதான் வேண்டும். மருந்துக்கடையில் கிடைக்கும் 70 விழுக்காடு ஐசோபுரொப்பைல் ஆல்கஹால். பழைய பருத்திப் பனியன்கள், நூல் உதிராத அளவுக்கு வெளுத்தவை. நைட்ரில் கையுறை. பனியன் துண்டை நனைத்து, பூச்சின்மேல் ஒரு நிமிடம் போர்த்திவைத்தேன். பிறகு தேய்த்தால் கறுப்புச் சூயிங்கம் போல உருண்டு வரும். மூலைகளில் காலாவதியான ஈசி-லிங்க் பயண அட்டையால் சுரண்டினேன். இரும்புக் கரண்டி, கத்தி எதையும் கொண்டுபோகாதீர்கள், கீறல் ஆழமாக விழும். நான்கு கதவும் திறந்தே இருக்கட்டும், பக்கத்தில் சிகரெட் ஆகாது. கொளுத்தினால் பற்றக்கூடிய ஆவி அது. ஒரு மூடியும் ரேடியோவின் சுற்றுப்பட்டையும் முடிய மூன்று மணி நேரம், ஐந்து பனியன். அடியில் சாதாரணக் கெட்டிக் கறுப்புப் பிளாஸ்டிக். மெத்தென்ற சுகம் போய்விட்டது, பரவாயில்லை.

இந்த உற்சாகத்தில் ஏசி பொத்தான்களையும் ஒரு கை பார்த்தேன். அங்கேதான் மாட்டினேன். பொத்தானில் தெரியும் குறிகள் பல கார்களில் அந்தப் பூச்சிலேயே செதுக்கப்பட்டவை. பூச்சு போனால் குறியும் போகும். காருக்குள்ளேயே காற்றைச் சுழலவிடும் பொத்தானின் வளைந்த அம்பு, இரண்டே தேய்ப்பில் என் பனியனுக்குப் போய்விட்டது. இப்போது அது மொட்டைப் பொத்தான். ஏறுகிறவர்கள் எல்லாரும் "இது என்னது?" என்று அழுத்திப் பார்க்கிறார்கள். பொத்தான் ஒட்டினால் ஆல்கஹாலை விட்டுவிட்டு, பேபி பவுடரை விரலில் தொட்டுத் தட்டுங்கள். கொஞ்ச நாளைக்குப் பசை அடங்கும், குறியும் தங்கும்.

இன்னொரு மானக்கேட்டையும் சொல்லிவிடுகிறேன். இரண்டாம் ஞாயிறு, சோப்புத் தெளிப்பானை நேராக டேஷ்போர்டின் நடுவில் அடித்தேன். வழிந்த நுரை அபாய விளக்குப் பொத்தானின், அந்தச் சிவப்பு முக்கோணத்தின், இடுக்கில் இறங்கியது. பத்து நிமிடம் கழித்து நான்கு பக்கமும் விளக்குகள் தாமாக மினுங்க ஆரம்பித்தன. அழுத்தினால் நிற்கும், கையை எடுத்தால் மறுபடி டிக், டிக். அந்தக் கார்ப்பேட்டையில் அது எதிரொலித்த எதிரொலி இன்னும் காதில் இருக்கிறது. எதிர்வரிசையில் வேனைக் கழுவிக்கொண்டிருந்த சீன அங்கிள் ஒருவர் வந்து எட்டிப் பார்த்தார். "வாட்டர் நோ குட் லா" என்றார். அது எனக்கும் அப்போது தெரிந்துவிட்டிருந்தது. வேனிலிருந்து 10 மில்லிமீட்டர் ஸ்பேனரை எடுத்துவந்து பேட்டரியின் எதிர்மின்முனை வயரைக் கழற்றிக் கொடுத்தார். இரண்டு நாள் ரயிலில் வேலைக்குப் போனேன். காய்ந்ததும் பொத்தான் சரியானது. கடிகாரமும் ரேடியோ நிலையங்களும் மறந்துபோனது மட்டும்தான் நட்டம். அன்றிலிருந்து எந்தத் திரவமானாலும் துணியில்தான் தெளிப்பேன், துணியால்தான் டேஷ்போர்டைத் தொடுவேன். பொத்தான் பகுதிக்குத் துணியையும் பிழிந்துவிட்டு.

மூன்றாம் ஞாயிறிலிருந்து ஒரு வரிசைக்கு வந்தேன். முதலில் உலர்ந்த வேலை. டைசோ கடையில் 2 வெள்ளி 18 காசுக்கு வாங்கிய மென்மயிர்த் தூரிகை ஒரு கையில், தூசி உறிஞ்சி மறுகையில். தூரிகை கிளப்புவதை உறிஞ்சி அப்போதே வாங்கிக்கொள்ள வேண்டும். முன்கண்ணாடிக்கு அடியில் நீளமாக ஓடும் காற்றுத் துவாரத்துக்கு உறிஞ்சியின் வாய் நுழையவில்லை. அதனால் தடித்த உறிஞ்சுகுழல் ஒன்றை அதன் வாயில் நாடாவால் சுற்றிக் கட்டினேன். அந்தக் குழலில் வந்து அடைத்துக்கொண்டவை, பொடிப்பொடியான காகிதத் துணுக்குகள். உள்ளங்கையில் கொட்டிப் பார்த்தபோது சிரிப்பு வந்துவிட்டது. பார்க்கிங் கூப்பன் துணுக்குகள்! 2017 அக்டோபரில் பார்க்கிங்.எஸ்ஜி செயலி வருவதற்கு முன், கூப்பனில் தேதி, மணி, நிமிடம் எல்லாவற்றையும் விரலால் கிழித்து மடித்து டேஷ்போர்டின்மேல் பரப்பிவைப்போமே, அந்தத் துணுக்குகள். முந்தைய உரிமையாளர் எத்தனை அவசரத்தில் எத்தனை கடைவாசலில் கிழித்தாரோ, நாற்பதுக்கு மேல் இருக்கும். உள்ளே விழுவதைத் தூரிகையால் அழுத்தித் தள்ளாதீர்கள். கீழே போனால் ஏசி விசிறிவரை போய்ச் சரசரக்கும்.

அப்புறம் ஈர வேலை. ஆல் பர்பஸ் கிளீனரை ஒன்றுக்குப் பத்து மடங்கு தண்ணீரில் கலந்து, மைக்ரோஃபைபர் துணியில் தெளித்து, கை அகல இடமாகத் துடைத்து, உடனே வெறும் தண்ணீரில் பிழிந்த இன்னொரு துணியால் எடுத்துவிட்டு, மூன்றாவதாக உலர்ந்த துணி. மூன்று துணியும் மூன்று நிறத்தில் இருந்தால் குழப்பம் இல்லை. இரண்டாவது துணியைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். கிளீனர் மேலேயே காய்ந்தால் அதுவே அடுத்த தூசிக்குப் பசை. சிலிகோன் முழுக்கப் போய்விட்டதா என்று பார்க்க எனக்குத் தெரிந்த சோதனை, ஓரத்தில் மறைக்கும் நாடா (மாஸ்கிங் டேப்) ஒரு துண்டு ஒட்டிப் பார்ப்பது. எண்ணெய் இருந்தால் நாடா ஒட்டாமல் நழுவும். என் காரில் மூன்றாவது சுற்றில்தான் நாடா பிடித்தது.

வேகமானிக்கு மேல் இருக்கும் தெளிந்த மூடிக்கு இந்தக் கிளீனரும் வேண்டாம், ஆல்கஹாலும் வேண்டாம். அது கண்ணாடி இல்லை, பிளாஸ்டிக். ஆல்கஹால் பட்டு சிலந்தி வலைபோல் நுண்விரிசல் விட்ட மூடியை நண்பர் காரில் பார்த்திருக்கிறேன். வெறும் ஈரத் துணி போதும். உலர்ந்த டிஷ்யூவால் தேய்க்கிற பழக்கம் இருந்தால் அதை முதலில் விடுங்கள்.

இனி பிள்ளையார் விஷயம். முந்தைய உரிமையாளர் நம்மவர். வாகன பூஜை போட்ட அடையாளமெல்லாம் அப்படியே இருந்தது. காய்ந்த மல்லிகை நார், விபூதி, மஞ்சள் கலந்த சந்தனத் தீற்றல், ஊதுபத்தி வைத்த துளையில் சாம்பல். வெள்ளிக்கிழமைகளில் காருக்குள் ஊதுபத்தி ஏற்றுபவர்கள், அந்தப் புகை முன்கண்ணாடியின் உட்புறத்தில் படலமாகப் படிவதை ஒருமுறை வெள்ளைத் துணியால் துடைத்துப் பாருங்கள். கண்ணாடியைக் கடைசியில்தான் துடைக்க வேண்டும், அதற்குத் தனித் துணி.

பிள்ளையார் இரட்டைப்பக்க நுரைநாடாவில் அசையாமல் உட்கார்ந்திருந்தார். எடுக்க எனக்கு மனம் வரவில்லை. இருந்தாலும் அவர் இருந்த இடம் முன்பயணியின் காற்றுப்பைக்கு நேர்மேல். மோதலில் அந்தப் பை கண்ணிமைக்கும் நேரத்தில் டேஷ்போர்டைக் கிழித்துக்கொண்டு வரும். அதன்மேல் இருக்கும் எந்தப் பொருளும், பித்தளைப் பிள்ளையாரானாலும், உட்கார்ந்திருப்பவர் முகத்தை நோக்கித்தான் பறக்கும். அந்த இருக்கையில் உட்காருவது என் மனைவி. "சூடம் காட்டிட்டு எடுங்க" என்றாள். கார்ப்பேட்டையில் சூடம் ஏற்றினால் வேறு பிரச்சினை வரும் என்பதால் கன்னத்தில் போட்டுக்கொண்டதோடு முடித்தேன். முடி உலர்த்தியை மிதமான சூட்டில் இரண்டு நிமிடம் காட்டி, பல் இடுக்கு நூலை அடியில் விட்டு ரம்பம்போல் இழுத்தேன். நாடா நடுவில் அறுந்து அவர் கைக்கு வந்தார். மிச்சமிருந்த பசையின்மேல் தேங்காயெண்ணெய் தடவிக் கால் மணி நேரம் விட்டேன். அத்தை சொன்னது இங்கே பலித்தது. பசை திரண்டு உருண்டு ஈசி-லிங்க் அட்டையோடு வந்தது. எண்ணெயைச் சோப்புநீரால் எடுத்தேன்.

அடியில் ஒரு சதுரம். தீப்பெட்டி அளவு. அதன் நிறம் கரி. சுற்றிலும் இருந்ததோ, கழுவிய பிறகும், சாணிச் சாம்பல். அதுவரை என் டேஷ்போர்டின் நிறமே சாம்பல் என்றுதான் நினைத்திருந்தேன்.

அந்தச் சதுரத்தைப் பார்த்த பிறகு என் வேலை மாறிவிட்டது. எது அழுக்கால் வந்த மங்கல், எது வெயிலால் போன நிறம் என்று பிரித்துச் சொல்ல இப்போது ஓர் அளவுகோல் கிடைத்தது. இன்னும் இரண்டு சுற்றுச் சுத்தம் செய்தும் சதுரத்துக்கும் சுற்றுக்கும் உள்ள வித்தியாசம் குறையவில்லை. குறையாவிட்டால் அது அழுக்கில்லை. அங்கே நிறுத்திக்கொள்ள வேண்டும். மேற்கொண்டு தேய்ப்பது தோலைத் தேய்ப்பது.

நாம் பூமத்தியரேகைக்கு ஒரு டிகிரி வடக்கே இருக்கிறோம். மார்ச்சிலும் செப்டம்பரிலும் சூரியன் உச்சந்தலைக்கு மேல் வந்து நிற்கும். ஆனாலும் புற ஊதாவை மட்டும் குற்றம் சொல்ல முடியாது. முன்கண்ணாடி இரண்டு கண்ணாடித் தகடுகளுக்கு நடுவில் ஒரு பிளாஸ்டிக் படலம் வைத்து ஒட்டியது. பெரும்பாலான புற ஊதாக் கதிரை அதுவே தடுத்துவிடும். பக்கக் கண்ணாடியில் சாதாரணமாக அந்தப் படலம் இல்லை. என் காரில் டேஷ்போர்டின் இரண்டு ஓரங்களும் நடுவைவிட வெளுத்திருந்தது அதனால்தான் என்று நினைக்கிறேன். நடுப்பகுதியைக் கெடுத்தது சூடு. டேஷ்போர்டின் மேல்தோல் பிவிசி. அதை வளையும்படி வைத்திருக்க எண்ணெய் போன்ற நெகிழ்வூட்டிகளைக் கலக்கிறார்கள். சூட்டில் அவை மெல்ல ஆவியாகி வெளியேறும். முன்கண்ணாடியின் உட்புறம் படியும் எண்ணெய்ப் புகைமூட்டத்தில் ஒரு பங்கு இதுதான். நெகிழ்வூட்டி போன தோல் சுருங்கும், இறுகும், கடைசியில் வெடிக்கும்.

என்னுடையதும் வெடித்திருந்தது. முன்கண்ணாடி ஓரத்தில், இடப்பக்கம், நான்கு சென்டிமீட்டர் விரிசல். நெகிழும் நிரப்பியால் அடைத்து, உப்புத்தாள் போட்டு, நிறம் பூசலாம். நன்றாகச் செய்பவர்கள் இருக்கிறார்கள். காற்றுப்பை மூடியின் தையல்கோட்டுக்கு விரல்கடை தூரத்தில் இருந்ததால் நான் கைவைக்கவில்லை. அந்த மூடி எங்கே கிழிய வேண்டும் என்று கணக்குப் போட்டுச் செய்திருக்கிறார்கள். அதன்மேல் பசை, நிரப்பி, முழுதாக மூடும் விரிப்பு எதுவும் கூடாது. மூடியைக் கழற்ற வேண்டிய வேலை என்றால் பட்டறையில் கொடுங்கள். உள்ளே மஞ்சள் நிற இணைப்புகளைக் கண்டால் தொடாதீர்கள், அவை காற்றுப்பையுடையவை. விரிசலின் இரண்டு முனையிலும் மறைக்கும் நாடாவைக் கடுகளவு வெட்டி ஒட்டி, பேனாவால் தேதி எழுதினேன். ஏழு மாதத்தில் ஒரு முனை மட்டும் இரண்டு மில்லிமீட்டர் நாடாவுக்கு அடியில் புகுந்திருக்கிறது. 2028 வரை இந்த வேகம் எனக்குக் கட்டுப்படியாகும்.

மஞ்சள் தீற்றல் ஒரு வேடிக்கை. சந்தனம் முதல் துடைப்பிலேயே போனது. மஞ்சள் மேடுபள்ளத்துக்குள் இறங்கிவிட்டிருந்தது. கிளீனர், ஆல்கஹால் ஒன்றுக்கும் அசையவில்லை. விட்டுவிட்டேன். மஞ்சளின் நிறம் வெயிலுக்குத் தாங்காது. துவைத்த வேட்டியை வெயிலில் போட்டால் மஞ்சள் கறை வெளுக்குமே, அதேதான். அலுவலகத்தின் திறந்தவெளிப் பேட்டையில் மூன்று வாரம் நின்றதில் தானாக மறைந்துவிட்டது. பத்து வருடமாக டேஷ்போர்டைத் தின்ற வெயில் எனக்கென்று செய்த ஒரே உபகாரம்.

கடைசியாகப் பூச்சு. நீர் சார்ந்த, பளபளக்காத, புற ஊதாக் காப்பு உள்ள பூச்சு ஒன்று வாங்கினேன். 303 என்ற எண்ணை வைத்துக் கடையில் கேட்டால் தெரியும். அதே வகையில் வேறு பல பெயர்களும் உண்டு. புட்டியில் பார்க்க வேண்டியது, நீர் சார்ந்ததா, கடைசித் தோற்றம் மேட் என்று போட்டிருக்கிறதா என்ற இரண்டும்தான். துணியில் கொஞ்சம் தெளித்து மெல்லியதாகத் தடவி, ஐந்து நிமிடம் கழித்து உலர்ந்த துணியால் நன்றாக எடுத்துவிட வேண்டும். தொட்டால் ஈரமோ வழுக்கலோ தெரியக் கூடாது. ஸ்டீயரிங்கிலும் பெடலிலும் மறந்தும் தடவாதீர்கள். நிறம் கரிக்குத் திரும்பவில்லை. சாணிச் சாம்பலிலிருந்து ஈரச் சிமெண்ட் வரை வந்தது. அதற்கு மேல் வேண்டுமென்றால் சாயம்தான். அதைக் கையுறைப்பெட்டிக்குக் கீழே உள்ள கெட்டிப் பிளாஸ்டிக்கில் மட்டும், முழங்காலும் ஷூவும் உரசி வெள்ளைக் கோடு விழுந்த இடத்தில் முயன்றேன். சுமாராக வந்தது. மேலே முயலும் அளவுக்குச் சுமாராக இல்லை.

செலவு மொத்தம் 70 வெள்ளிக்குள். அதில் பாதி அந்தக் காப்புப் பூச்சும் துணிகளும். வீணாக வாங்கியது வினிகர் வாசம் அடிக்கும் ஒரு 'அதிசய' டேஷ்போர்டு பாலிஷ், 15 வெள்ளி. அது பளபளக்க வைத்தது.

இப்போது நான் தவறாமல் செய்வது வெயில் தடுக்கும் மடக்குத் தகடு வைப்பது மட்டும். சமையலறைக்கென்று வாங்கிய அகச்சிவப்பு வெப்பமானியால் ஒருநாள் மதியம் இரண்டு மணிக்கு அலுவலகப் பேட்டையில் டேஷ்போர்டைச் சுட்டிப் பார்த்தேன். 67 டிகிரி செல்சியஸ். மறுநாள் அதே நேரம், அதே இடம், தகடு வைத்து 49. வானம் இரண்டு நாளும் ஒன்றுபோல் இருந்தது என்று சத்தியம் செய்ய மாட்டேன், இருந்தாலும் தகடு வைக்கும் இருபது வினாடிச் சோம்பல் எனக்கு அன்றோடு போயிற்று. கண்ணாடிக்குக் கறுப்புப் படலம் ஒட்டலாமே என்பவர்களுக்கு ஒரு வார்த்தை: முன்கண்ணாடியும் முன்பக்க ஜன்னல்களும் குறைந்தது 70 விழுக்காடு வெளிச்சத்தை விட வேண்டும் என்பது நிலப் போக்குவரத்து ஆணையத்தின் விதி. இருட்டாக ஒட்டினால் சோதனையில் மாட்டுவீர்கள். சூட்டைத் தடுக்கும் தெளிந்த படலங்கள் உண்டு, ஆனால் மீதி இருக்கும் ஆயுசுக்கு அந்த விலை எனக்குத் தோதுப்படவில்லை.

பூச்சை இரண்டு மாதத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கிறேன். வாரம் ஒருமுறை ஈரத் துணி, அவ்வளவுதான்.

பிள்ளையாரை எங்கே வைப்பது என்பதுதான் இழுத்துக்கொண்டே போனது. கியர் பக்கத்துச் சில்லறைத் தட்டில் வைத்தேன். சென்ற பொங்கலுக்கு ஊரிலிருந்து வந்த அத்தை பின்னால் உட்கார்ந்தபடி குனிந்து பார்த்து, "காலடியிலயா வச்சிருக்கீங்க மாப்பிள்ளை?" என்றார். பின்பக்கக் கண்ணாடியோரம் வைத்தால் பிரேக் போடும்போது என் பிடரிக்கு வருவார். ஸ்டீயரிங்குக்கு மேல் வைத்தால் மறுபடி கண்ணாடியில் மிதப்பார். கடைசியில் பிள்ளையார் எங்கள் வீட்டுப் பூஜை அலமாரிக்குப் போனார். காரில் வெயில் மறைப்புப் பலகையின் பின்பக்கம் சட்டைப்பை அளவில் ஒரு படம் செருகியிருக்கிறது. காலையில் கிழக்கே திரும்பும்போது பலகையை இறக்கினால் எதிரே தெரிவார். அத்தைக்கு இதில் முழுச் சம்மதம் இல்லை. ஆனால் விமானநிலையம் போகும்போது முன்னிருக்கையில் உட்கார்ந்தவர், அந்தக் கரிநிறச் சதுரத்தின்மேல் விரலை வைத்துத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.